பக்கவாதத்தில் விழுந்த தோளுக்கு எலும்பு முறிவு ஸ்லிங் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 29ஆம் நாள் உலகப் பக்கவாத தினத்தையொட்டித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். முகம் கோணுவதும், கை தளர்வதும், பேச்சுக் குழறுவதும் கண்டவுடன் நேரத்தைக் கடத்தாமல் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும் என்பதை அக்கட்டுரை ஐயமறச் சொல்லியிருந்தது. அவசியமான செய்திதான். ஆயினும் அந்த நாலரை மணி நேரத்தைக் கடந்து, உயிர் பிழைத்து, ஒரு கை விழுந்த நிலையில் வீடு வந்து சேர்ந்தவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவர்களுடைய விழுந்த கையை, குறிப்பாக அதன் தோளை, எதைக் கொண்டு தாங்குவது, எப்போது தாங்குவது, எப்போது அவிழ்த்து வைப்பது என்பதைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் மார்த்தாண்டத்தை அடுத்த ஊர்களில் வீடு தேடிச் சென்று பிசியோதெரபி அளிப்பவள். பக்கவாதம் வந்தவர் இருக்கும் வீட்டிற்குள் நுழைந்தால் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது கழுத்தில் தொங்கும் நீல நிறப் பை ஒன்று. மருந்துக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஆர்ம் ஸ்லிங் அது. கை முறிந்தவர், எலும்பு கூடும்வரை கையை அசைக்காமல் வைத்திருப்பதற்காகச் செய்யப்பட்டது. அதையே, அசைவு திரும்ப வேண்டிய கைக்கு, காலை முதல் இரவு வரை, சில வீடுகளில் தூக்கத்திலும்கூட மாட்டி வைத்திருக்கிறார்கள். கடைக்குப் போக வழியில்லாத வீடுகளில் ஒரு தோர்த்தை, அதாவது மெல்லிய துண்டை, முக்கோணமாக மடித்துப் பிடரியில் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். வீட்டாரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது மாத்திரைச் சீட்டைப் பத்து நிமிடம் விளக்குபவர்கள், கையைப் பற்றி "ஒரு ஸ்லிங் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்" என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை.

தோள் ஏன் இறங்குகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலை ஒரு சிரட்டைக்குள் அமர்ந்ததுபோல் ஆழமாகப் பதிந்திருக்கிறது. தோளில் அப்படியொரு பள்ளம் இல்லை. அங்கே குழி மிகவும் ஆழம் குறைந்தது. அதனால்தான் கையை எல்லாத் திசைகளிலும் நம்மால் சுழற்ற முடிகிறது. குழி தராத பிடிப்பைத் தசைகள் தருகின்றன. தோள்பட்டை எலும்பின் மேற்பள்ளத்தில் படிந்திருக்கும் ஒரு சிறு தசையும், தோளைப் போர்த்தியிருக்கும் பெரிய தசையின் பின்பகுதியும், நாம் நினைக்காமலேயே, நிற்கும்போதும் நடக்கும்போதும் மேற்கை எலும்பின் தலையைக் குழியை விட்டு இறங்காமல் பிடித்து வைத்திருக்கின்றன. பக்கவாதத்தின் முதல் வாரங்களில் அத்தசைகள் தளர்ந்துவிடுகின்றன. ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்குக் கை மட்டும் சுமார் 3 கிலோ. தாங்குவதற்குத் தசை இல்லாதபோது அந்த 3 கிலோவும் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வையும் தசைநார்களையும் இழுக்கத் தொடங்கி, நாள்பட அவை நீண்டுவிடுகின்றன. எலும்பின் தலை கீழே இறங்குகிறது. நோயாளியை நேராக உட்காரவைத்து, கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, தோளின் உச்சி எலும்பின் விளிம்பிலிருந்து விரல் நுனியைக் கீழே நகர்த்தினால், நல்ல தோளில் உடனே எலும்பு தட்டுப்படும். விழுந்த தோளில் விரல் ஒரு பள்ளத்திற்குள் இறங்கும். அரை விரல், ஒரு விரல், சிலருக்கு இரண்டு விரல் அகலம் என்று அதை அளக்கிறோம். சட்டையைக் கழற்றிப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும் இந்தப் பள்ளத்தைப் பல வீடுகளில் யாரும் பார்த்திருப்பதில்லை.

நீலப் பை அந்தப் பள்ளத்தை மூடுவதில்லையா என்று கேட்டால், நேர்மையாக விடை சொல்ல வேண்டும்: மூடத்தான் செய்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பின் தலை மேலேறியிருப்பது தெரியும். அதனால்தான் எலும்பு மருத்துவர்கள் சிலரும் அதைத் தவறாகக் கருதுவதில்லை. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பைக்குள் கை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மேற்கை மார்போடு ஒட்டியிருக்கிறது, உட்பக்கமாகத் திரும்பியிருக்கிறது, முழங்கை மடங்கியிருக்கிறது, மணிக்கட்டு தொய்ந்திருக்கிறது, விரல்கள் சுருண்டிருக்கின்றன. பக்கவாதத்தின் தளர்ச்சிக் கட்டம் கழிந்து இறுக்கம் வரத் தொடங்கும்போது, மூளையின் கட்டுப்பாட்டை இழந்த தசைகள் தாமாகவே கையை எந்த நிலைக்கு இழுத்துச் செல்லுமோ, அதே நிலை. நாம் தடுக்க வேண்டிய ஒன்றை நாமே காசு கொடுத்து வாங்கிக் கட்டிவைக்கிறோம். வாரக்கணக்கில் அப்படியே இருந்த தோளில் சவ்வு சுருங்கிவிடும். பிறகு கையை வெளிப்பக்கம் திருப்பினாலே நோயாளி அலறுவார். அக்குளைக் கழுவுவதற்குக்கூடக் கையை விலக்க முடியாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தத் தோள் இறுக்கம் இன்னும் எளிதாக வருகிறது. நம் மாவட்டத்தில் சர்க்கரை மாத்திரை இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதோடு, கட்டிவைத்த கை கண்ணுக்கும் நினைவுக்கும் எட்டாமல் போய்விடுகிறது என்பதும் உண்டு. வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டவர்களில் சிலர் தம் இடப்பக்கம் ஒன்று இருப்பதையே மறந்துவிடுவார்கள். அப்படிப்பட்டவரின் இடக்கையைப் பைக்குள் போட்டு மூடிவிட்டால் மறதிக்கு நாமே துணைபோனவர்களாகிறோம். நடக்கும்போது இரு கைகளும் வீசினால்தான் உடல் சமன்படும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி ஒருவரின் ஸ்லிங்கை நான் கழற்றியபோது கண்டதைச் சொல்கிறேன். பிடரியில் பட்டை அழுத்திய இடம் தடித்துக் கறுத்திருந்தது. முழங்கை மடிப்பில் தோல் வெள்ளையாக ஊறி, நீளவாக்கில் ஒரு வெடிப்புடன், நாற்றம் வீசியது. மூடியிருந்த உள்ளங்கையை விரல் விரலாகப் பிரித்தால், நகம் பதிந்த நான்கு பிறைக்கோடுகள். குளிக்கும்போது மட்டுமே அவர் மனைவி அதைக் கழற்றுவாராம். "டாக்டர் போடச் சொன்னாரு, எடுக்கச் சொல்லலியே" என்றார் அந்த அம்மாள். அவர் சொன்னதில் என்ன பிழை இருக்கிறது?

சரியான தாங்கி எது என்பதற்கு வருகிறேன். அது முன்கையைத் தூக்காமல் மேற்கையைத் தூக்க வேண்டும். மேற்கையைச் சுற்றி அகலமான பட்டை ஒன்று. அதிலிருந்து முன்னும் பின்னுமாக இரண்டு நாடாக்கள் எழுந்து, விழுந்த தோளின் மேல் வந்து, முதுகின் குறுக்காகச் சென்று, நல்ல பக்கத்து அக்குளுக்குக் கீழே சுற்றி, மார்பின் முன்புறம் வந்து ஒட்டிக்கொள்ளும். எடை கழுத்தில் ஏறாது. முதுகிலும் எதிர்த்தோளிலும் பரவும். முழங்கை விடுதலையாக இருப்பதால் கை நீட்டலாம், மேசையில் ஊன்றலாம், நடக்கையில் வீசலாம். சதை வற்றிய முதியவர்களுக்கு இந்த மேற்கைப் பட்டை நழுவி அக்குளை நோக்கி ஏறிவிடும். அவர்களுக்கு முன்கையிலும் ஒரு பட்டை கட்டி, இரண்டையும் நாடாவால் இணைத்தால் எடை பகிரப்பட்டு நிற்கும். வெளிநாட்டு நிறுவனங்கள் இவ்வகைத் தாங்கிகளை அரைச்சட்டை போன்ற ஓர் ஆடையாகவே செய்து விற்கின்றன. விலை பல ஆயிரம் ரூபாய். அக்குளில் துணிச்சுருள் வைத்துக் கட்டும் பழைய முறை ஒன்றும் சில இடங்களில் இருக்கிறது. அது எலும்பின் தலையை மேலே ஏற்றுவதற்குப் பதிலாக வெளிப்பக்கம் தள்ளிவிடுகிறது என்பதால் நான் பயன்படுத்துவதில்லை.

எந்தத் தாங்கியானாலும், போட்டபின் விரலை வைத்து அந்தப் பள்ளத்தை மறுபடி தடவிப் பார்க்காமல் நோயாளியை அனுப்புவது வீண். பள்ளம் மூடியிருக்க வேண்டும். எதிரே நின்று பார்த்தால் இரு தோள்களும் ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். விழுந்த தோள் நல்ல தோளைவிட மேலே தூக்கி நிற்கவும் கூடாது. மேற்கைப் பட்டை இறுகினால் சற்று நேரத்தில் கை வீங்கி நிறம் மாறும். எதிர்ப்பக்க அக்குளில் நாடா கயிறாகச் சுருண்டால் அங்குள்ள நரம்பை அழுத்தி, இருக்கும் ஒரே நல்ல கையையும் மரத்துப்போகச் செய்யும்; எனவே அந்த இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்த பட்டை வேண்டும். பாதிக்கப்பட்ட பக்கத்தில் உணர்ச்சி குறைந்திருப்பவர் வலிக்கிறது என்று சொல்லமாட்டார் என்பதால், கழற்றும்போதெல்லாம் தோலைப் பார்க்க வேண்டியது வீட்டாரின் பொறுப்பு.

எவ்வளவு நேரம் போடுவது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. நிற்கும்போது, நடக்கும்போது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது, ஆட்டோவில் ஏறி இறங்கும்போது, அதாவது புவியீர்ப்பு கையைக் கீழே இழுக்கும் நேரங்களில் போட வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது ஒரு தலையணையோ சிறு மேசையோ முன்கையைத் தாங்கினால் போதும், தாங்கியை அவிழ்த்துவிடலாம். படுக்கையில் அது வேண்டவே வேண்டாம். மல்லாந்து படுத்தால் தோள்பட்டையின் அடியிலிருந்து கை முழுவதற்கும் தலையணை வைக்க வேண்டும். பாதித்த பக்கமாகப் படுப்பதாயின் தோளைச் சற்று முன்னே இழுத்துவிட்டுப் படுக்கவைக்க வேண்டும், உடலுக்கடியில் தோள் மடங்கிக் கிடக்கக் கூடாது. தசைகளில் பிடிப்பு திரும்பி, கையை ஓரளவு தாமே பிடிக்கத் தொடங்கியபின் தாங்கியின் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து விட்டுவிடலாம்.

இனி நம் ஊர் வெயிலும் மழையும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. இடையில் உள்ள மாதங்களில் புழுக்கம். வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வரும்போது வாங்கிவரும் தடித்த ரப்பர் நுரைத் துணியாலான பெல்ட், குளிரூட்டிய அறையில் நன்றாகத்தான் இருந்திருக்கும். கொல்லங்கோட்டில் ஓட்டு வீட்டுத் திண்ணையில் சட்டையில்லாமல் லுங்கியோடு உட்கார்ந்திருக்கும் தகப்பனாருக்கு அதை வெறும் உடம்பில் கட்டினால், இரண்டு நாளில் அக்குள் சிவந்து, நான்காம் நாள் படர்தாமரை வந்துவிடுகிறது. அதன்பின் பெல்ட் பீரோவுக்குள் போய்விடும். மகனிடம் "நல்லா இருக்கு" என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இங்கே இன்னொன்றும் உண்டு. தோளுக்குத் தைலம் தேய்க்காத பக்கவாத நோயாளி நம் மாவட்டத்தில் அரிது. தைலம் ஊறிய தோலில் பட்டை வழுக்கும். எண்ணெயும் வியர்வையும் துணியில் ஏறி மறுபடி தோலுக்கே திரும்பும். தைலம் தேய்ப்பவர்கள் தேய்க்கட்டும். குளித்து, அக்குளை ஈரமில்லாமல் துடைத்தபிறகு, ஒரு பருத்திப் பனியனின் மேல்தான் தாங்கியைப் போட வேண்டும். மாற்றிப் போட இரண்டு தாங்கிகள் இருந்தால் ஒன்று துவைத்துக் காயும். மழை மாதங்களில் காய்வதற்கே இரண்டு நாள் பிடிக்கும் என்பதைத் தாங்கி செய்பவர்கள் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. கடையில் கிடைக்கும் தாங்கிகள் எல்லாம் டி-ஷர்ட்டின் மேல் போட்ட படத்தோடு வருகின்றன. நம் அம்மாக்கள் உடுத்துவது இறுக்கமான கை வைத்த ரவிக்கை. ரவிக்கைக்கு உள்ளே மேற்கைப் பட்டை போகாது. வெளியே போட்டால் வழுக்கும். மார்பின் குறுக்கே வரும் நாடா சேலையின் மடிப்போடு சிக்கும், தவிர அது மற்றவர் கண்ணில் படுவதை அவர்கள் விரும்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் கோவிலுக்கும் கல்யாண வீட்டிற்கும் போகும் நாளில்தான் நடப்பதும் நிற்பதும் அதிகம். அந்த நாளில்தான் தாங்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள். வீட்டில் நைட்டி, அதன் மேல் ஒரு தோர்த்து. தாங்கியைத் தோர்த்து மறைத்துவிடும் என்பதால் வீட்டில் மட்டும் போடுகிறார்கள். இதற்குத் தீர்வு உடற்கூறு நூல்களில் இல்லை, தையல்காரரிடம் இருக்கிறது. ரவிக்கையின் கையைத் தளர்த்தி, அக்குளில் சிறு துண்டு ஒன்று வைத்து அகலப்படுத்தி, முன்புறக் கொக்கிகளுக்குப் பதில் வெல்குரோ வைத்தால், ஒரு கையாலேயே போட முடிகிறது; மேற்கைப் பட்டையும் உள்ளே அடங்கிவிடுகிறது. போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். இந்த எளிய ஒழுங்கு தெரியாமல், நல்ல கையை முதலில் நுழைத்துவிட்டு விழுந்த கையைப் பின்னால் முறுக்கித் திணிப்பதால் தினமும் காலையில் தோளுக்கு ஒரு அடி விழுகிறது.

எங்கள் பகுதியில் பேருந்து நிறுத்தத்தின் அருகே சிறு கடை வைத்திருக்கும் தையல்காரப் பெண்மணி ஒருவரிடம் பேசி ஒரு தாங்கி தைத்தோம். வெளிப்புறம் கெட்டிப் பருத்தித் துணி, உட்புறம் பனியன் துணி, நாடாவிற்குப் பள்ளிப் பைகளில் வைக்கும் பட்டை நாடா, ஒட்டுவதற்கு வெல்குரோ. முதலில் தைத்ததில் வெல்குரோவின் சொரசொரப்பான பக்கம் விளிம்பில் தெரிந்துகொண்டிருந்தது. அது மார்பின் தோலை உரசும் என்று நான் சொல்வதற்கு முன்பே அவர் கண்டு, ஓரத்தை அரை அங்குலம் மடித்து மறைத்தார். ஒட்டும் முனையில் விரல் நுழைவதற்கு ஒரு வளையம் வேண்டும் என்பதும் அவர் யோசனைதான். ஒரே கையால் இழுத்து ஒட்டுபவருக்குப் பிடிமானம் வேண்டுமே. வலத்தோளுக்கும் இடத்தோளுக்கும் தனித்தனியாகத் தைக்க வேண்டும், ஒட்டும் முனை எப்போதும் நல்ல கைக்கு எட்டும் இடத்தில் வர வேண்டும் என்பதைத் தவிர இதில் பெரிய நுட்பம் ஒன்றுமில்லை. இறக்குமதித் தாங்கியின் விலையில் ஒரு சிறு பங்குகூட ஆகவில்லை.

தாங்கி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வருவதாக யாரும் எண்ண வேண்டாம். தோள் இறங்கியவர் அனைவருக்கும் வலிப்பதில்லை. வலிப்பவர் அனைவருக்கும் தோள் இறங்கியிருப்பதும் இல்லை. இத்துறையில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியான காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கும் பன்னாட்டு அமைப்பு) மதிப்பாய்வு, தாங்கிகள் தோள் இறங்குவதைத் தடுக்கின்றன என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடிவு கூறியது. தோளில் ஒட்டுப்பட்டை ஒட்டுவது வலி தொடங்குவதைத் தள்ளிப்போடுகிறது, ஆனால் வலியைக் குறைக்கவோ கையின் செயலைக் கூட்டவோ இல்லை என்றும் அது சொன்னது. மறுபுறம், அமெரிக்க இதயச் சங்கமும் பக்கவாதச் சங்கமும் 2016இல் வெளியிட்ட மறுவாழ்வு வழிகாட்டுதல், இறங்கிய தோளுக்குக் கையைச் சரியான நிலையில் வைப்பதும் தாங்கிகளும் ஏற்கத்தக்கவை என்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து நான் புரிந்துகொள்வது இதுதான்: தாங்கி மருந்தன்று, பயிற்சியும் மின்தூண்டலும் (மெல்லிய மின்னோட்டத்தால் தசையைச் சுருங்கச் செய்வது) தசையை எழுப்பும்வரை மூட்டுக்குக் கூடுதல் கேடு வராமல் வைத்திருக்கும் ஒரு பாதுகாப்பு. முதல் வாரங்களிலேயே தோளின் மேல்தசைக்கும் பின்தசைக்கும் கொடுக்கப்படும் மின்தூண்டல் தோள் இறங்குவதைக் குறைக்கிறது. அதைத் தராமல் பெல்ட் மட்டும் விற்பது நோயாளியின் பணத்திற்கு நாம் செய்யும் நீதியாகாது.

அதே 2016 வழிகாட்டுதல் வேண்டாம் என்று சொல்லும் ஒன்றை நம் ஊரில் தாராளமாகக் காண்கிறேன். கூரை உத்தரத்தில் கப்பி கட்டி, கயிற்றின் ஒரு முனையில் விழுந்த கையைக் கட்டி, மறுமுனையை நல்ல கையால் இழுத்துத் தலைக்கு மேல் தூக்கும் பயிற்சி. பார்ப்பதற்கு நோயாளி உழைப்பதுபோல் தோன்றும். ஆனால் தோள்பட்டை எலும்பு உடன்சுழலாமல் கை மட்டும் மேலே இழுபடுவதால், இடையில் உள்ள தசைநார்கள் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே நசுங்குகின்றன. தயவுசெய்து அந்தக் கப்பிகளை இறக்கிவிடுங்கள்.

தோளுக்கு ஊறு செய்வதில் கப்பிக்கு அடுத்தபடி நிற்பது அன்பான உறவினர்களின் கை. படியேற்றும்போது, ஆட்டோவிற்குள் ஏற்றும்போது, கட்டிலில் மேலே நகர்த்தும்போது, விழுந்த கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ இழுக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் பராமரிப்பு முழுவதும் ஹோம் நர்ஸ்களின் கையில் இருக்கிறது; அவர்களில் பலருக்கு இரத்த அழுத்தம் பார்க்கவும் டயப்பர் மாற்றவும் தெரியும், தோளைத் தொடாமல் இடுப்பைப் பற்றி எழுப்பக் கற்றுத்தந்தவர் இல்லை. வர்ம ஆசான்களிடம் உழிச்சலுக்கு, அதாவது எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதற்கு, போகும் வழக்கம் இம்மாவட்டத்தின் மரபு. அதைப் பழிக்க நான் எழுதவில்லை. கையின் கனத்தை ஒரு கையால் ஏந்திக்கொண்டு மறுகையால் மென்மையாகத் தடவும் ஆசான்களை நேரில் பார்த்திருக்கிறேன். தளர்ந்த தோளை நீட்டி இழுத்துச் சொடுக்கெடுப்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம், செய்யவும் விடவேண்டாம். கை வீங்கி, புறங்கை பளபளத்து, சூடேறி, விரலை மடக்கினாலே வலித்தால் அது தாங்கியாலும் தைலத்தாலும் தீராது. தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி உபகரணங்கள் பலவும் இலவசமாகவே கிடைக்கின்றன; சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் முடநீக்குக் காலணியும் பெற்றவர்களை நான் அறிவேன். ஆனால் அவற்றைப் பெற 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு உண்டென்னும் சான்று வேண்டும். நரம்பு சார்ந்த பாதிப்புகளைப் பொதுவாக நோய் தொடங்கி 6 மாதம் கழிந்த பின்னரே மதிப்பிடுகிறார்கள். நிரந்தரப் பாதிப்பை அளப்பதற்கு அந்தக் காத்திருப்பு முறையானதே. தோள் இறங்குவதோ முதல் சில வாரங்களில். சான்று கைக்கு வரும் நாளில் தோள்தாங்கியால் ஆகக்கூடிய நன்மையின் பெரும்பகுதி கடந்து போயிருக்கும். ஆகவே தோள்தாங்கியை மாற்றுத்திறனாளி உபகரணமாகக் கருதாமல், முறிந்த காலுக்கு மாவுக்கட்டு போடுவதுபோல், மருத்துவமனையிலேயே, வீட்டிற்கு அனுப்பும் முன்பே, அளவெடுத்துக் கொடுக்கும் சிகிச்சைப் பொருளாகக் கருத வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதைத் தொடங்கி, தக்கலை, குழித்துறை போன்ற அரசு மருத்துவமனைகளுக்கு விரிவாக்கலாம்.

தைப்பது யார் என்ற கேள்விக்கும் விடை கையருகே இருக்கிறது. பள்ளி மாணவர்களின் விலையில்லாச் சீருடைகளைத் தைத்துத் தருபவர்கள் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவு சங்க உறுப்பினர்கள். சீருடைப் பணி ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவுகளில், வலம் இடம் எனப் பிரித்து, மேலே சொன்ன பருத்தித் தாங்கியைத் தைக்க அவர்களுக்குக் கற்றுத்தருவது ஒரு நாள் பயிற்சி. கூடவே ரவிக்கையை மாற்றித் தைக்கும் முறையையும் சொல்லிக்கொடுத்தால், அந்தந்த ஊரிலேயே நோயாளிகளுக்கு ஒருவர் கிடைப்பார். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் ஏற்பாடு இருக்கிறது. நம் மாவட்டத்தின் 9 ஒன்றியங்களிலும் சுற்றும் அப்பணியாளர்களின் பையில் இத்தாங்கிகள் சில இருந்தால், போட்டு, பள்ளத்தைத் தடவிப் பார்த்து, வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வர முடியும். ஆள் பற்றாக்குறை இருக்கத்தான் செய்கிறது. மலையோரக் குடியிருப்புகளுக்கும் கடலோரக் கிராமங்களுக்கும் ஒரே ஆள் மாதத்தில் எத்தனை முறை போய்வர முடியும்? அதனால்தான் வீட்டில் இருப்பவருக்குச் சரியாகப் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

இதற்குத் தங்கள் நாளிதழும் ஓர் உதவி செய்யலாம். மருத்துவப் பக்கத்தில் இரண்டு கோட்டோவியங்களை வெளியிடுங்கள்: ஒன்றில் தோளைத் தாங்கும் பட்டை முன்னும் பின்னும் எப்படிச் செல்கிறது என்பது, மற்றொன்றில் அதன் வெட்டுத் துணிகளின் வடிவம், அளவு குறித்த எண்களோடு. முதல் படம் நோயாளியின் வீட்டுச் சுவருக்கு; இரண்டாவது தையல் கடைக்கு. வெட்டுத் துணிகளின் அளவுகளை எழுதி இக்கடிதத்துடன் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அரசு மருத்துவமனையில் பணிபுரியும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு வெளியிட வேண்டுகிறேன். நான் குறிப்பிட்ட நோயாளிகளை ஊர்க்காரர்கள் அடையாளம் காணக்கூடும் என்பதால் என் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட் ஒருவர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.